கையெழுத்துப் போடாத கடன்

2025 மார்ச் மாதம் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கை வெளியான வாரத்தில், கோத்தகிரியில் எங்கள் வீட்டில் அம்மா இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைக்காட்சி விவாதம் ஒன்றில், தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் சில லட்சம் ரூபாய் கடன் இருப்பதாக ஒருவர் சொன்னதை அம்மா கேட்டுவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த வருமானத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்து, வட்டிக்காரர் யாரும் வாசலுக்கு வராமல் பார்த்துக்கொண்டவர் அவர். "நான் எங்கேயும் கையெழுத்துப் போடலையே, எனக்கு எப்படிக் கடன் வந்தது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பிறகு யோசித்துத் தேடி நான் அவரிடம் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு மாநிலத்தின் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சொல்வது நம் அரசியலில் நன்றாக வேரூன்றிவிட்ட வழக்கம். 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்கிட்டு, முந்தைய ஆட்சியை அதற்குப் பொறுப்பாக்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன், 2001இல், அ.தி.மு.க. அரசின் நிதியமைச்சர் பொன்னையன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையும் அதற்கு முந்தைய தி.மு.க. ஆட்சியைத்தான் சுட்டியது. 2025இல் எதிர்க்கட்சியாக இருந்த அ.தி.மு.க. அதே வகுத்தல் கணக்கை அப்போதைய தி.மு.க. ஆட்சியின் மேல் திருப்பியது. 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையே மதிப்பிட்டதால், வகுத்து வந்த எண் இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அதே அறிக்கை அந்தக் கடன் மாநில மொத்த உற்பத்தியில் 26.07 விழுக்காடு என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்த விகிதம் பெரிதாக ஏறவில்லை. கடன் வளர்ந்ததைச் சொல்பவர் வருமானம் வளர்ந்ததைச் சொல்லாமல் விடுவதும், விகிதத்தைச் சொல்பவர் தொகையைச் சொல்லாமல் விடுவதும் எனக்கு ஒரே அளவில் வருத்தம் தருகின்றன.

அம்மாவுக்கு நான் முதலில் காட்டியது அவருடைய அஞ்சலகக் கணக்குப் புத்தகத்தை. 2023இல் பணி ஓய்வு பெற்றபோது கையில் வந்த தொகையில் ஆறு லட்சம் ரூபாயை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். 8.2 விழுக்காடு வட்டியில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை 12,300 ரூபாய் வருகிறது. மருந்து, மின்கட்டணம், பேத்திக்கு ஒரு கம்பளிச்சட்டை என்று அம்மாவின் சுயமரியாதை முழுவதும் அந்தத் தொகையில்தான் நிற்கிறது. அந்த ஆறு லட்சம் அஞ்சலகப் பெட்டியில் அப்படியே இருப்பதில்லை. அது தேசிய சிறுசேமிப்பு நிதிக்குப் போய், அங்கிருந்து மத்திய அரசு எடுத்துக்கொள்ளும் கடனாகிறது. மாநில அரசின் கடன் பத்திரங்களை வாங்குவோரும் பெரும்பாலும் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி போன்ற, நம்மைப் போன்றவர்களின் சேமிப்பை வைத்திருக்கும் அமைப்புகளே. கடன்காரி என்று பயந்து இரண்டு நாள் பட்டினி கிடந்த அம்மா, உண்மையில் அரசுக்குக் கடன் கொடுத்தவர். தலைக்கு இவ்வளவு கடன் என்று வகுத்துச் சொல்லும் யாரும், அந்தக் கடனில் எவ்வளவு யாருக்குத் திரும்பி வர வேண்டியது என்பதை வகுத்துச் சொல்வதில்லை.

இதைக் கேட்டு அம்மாவின் முகம் தெளிந்தது. ஆனால் கவலையே வேண்டாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. காரணம், எங்கள் பெரியம்மா.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி (இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்டது) இலங்கையின் மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பதின்மூன்று வயதில் அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது, இலங்கைக் குடியுரிமை கிடைத்த குடும்பத்தில் மணமாகியிருந்த பெரியம்மா அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே தங்கிவிட்டார். ஒரே வேலையை, ஒரே மாதிரியான மலைச்சரிவில், இரண்டு நாடுகளில் நாற்பது ஆண்டுகள் செய்த இரு சகோதரிகள் அவர்கள். பெரியம்மாவும் ஓய்வு பெற்றபோது, இலங்கையின் வருங்கால வைப்பு நிதியான ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வந்த பணத்தை வங்கியில்தான் போட்டார்.

2019 இறுதியில் இலங்கை அரசு மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தபோது அதைப் பரிசாகவே பலரும் வரவேற்றார்கள். பிறகு பெருந்தொற்றில் சுற்றுலா வருமானம் நின்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததும் தேயிலை விளைச்சல் விழுந்தது. பறிக்கக் கொழுந்தில்லாமல் வேலை நாட்கள் குறைந்ததாக அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், தொலைபேசியில் சொன்னபோது அது நாட்டுக் கடனோடு தொடர்புடைய செய்தி என்று எங்களுக்குத் தோன்றவில்லை. டாலரில் வாங்கிய கடனுக்குக் கொடுக்க டாலர் இல்லாமல், 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அந்நாடு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது. மண்ணெண்ணெய்க்கு விடியற்காலை முதல் வரிசையில் நின்றதையும், மூன்று வேளை கோதுமை மா ரொட்டி இரண்டு வேளையானதையும் பெரியம்மா அழாமல்தான் சொன்னார். கேட்ட அம்மாதான் அழுதார். வங்கிப் புத்தகத்தில் எழுதியிருந்த தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அது வாங்கும் பொருள்தான் பாதியாகிவிட்டது.

பெரியம்மா இழந்தது விலைவாசியின் வழியாக. இன்னும் தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா இழப்பது வேறு வழியாக. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வங்கிகள் வைத்திருந்த ரூபாய்க் கடன் பத்திரங்களுக்கு விலக்கு அளித்துவிட்டு, ஊழியர் சேமலாப நிதியின் பத்திரங்கள் மாற்றப்பட்டன: 2025 வரை 12 விழுக்காடு, அதன்பின் முதிர்வு வரை 9 விழுக்காடு வட்டி. கூலியிலிருந்து மாதந்தோறும் பிடித்த பணம் இனி வளரவேண்டிய அளவுக்கு வளராது. அக்காவும் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

அங்கே பழி யார் மேல் என்ற கேள்விக்கு நீதிமன்றமே விடை சொன்னது. 2023 நவம்பர் 14 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள், மக்கள் அவர்கள் மேல் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கவும் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். நம் பகுதியில் ஆட்சியாளர்களை இப்படிப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கியது அரிது. செய்தியைக் கேட்ட அம்மா பெரியம்மாவை அழைத்து, "அக்கா, அப்ப பணம் திரும்பி வருமா?" என்று கேட்டார். "யாருக்கும்மா வரும்?" என்று பெரியம்மா திருப்பிக் கேட்டார்.

இந்தியாவின் நிலைமை அதுவல்ல என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். நம் அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி ரூபாயில், நாட்டுக்குள்ளேயே வாங்கியது. ஆனாலும் மத்திய அரசின் 2025–26 நிதிநிலை அறிக்கைக் கணக்கில், செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு வட்டிக்கே போகிறது. பாதுகாப்புத் துறைக்கு 8 காசுதான். தமிழ்நாட்டில் அதே ஆண்டு நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவை மிஞ்சிய செலவுக்காக வாங்கும் கடன், சுமார் 1.07 லட்சம் கோடி என்றால், அதில் ஏறத்தாழ 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வாங்கும் கடன். தேயிலைச் செடியை மறுநடவு செய்ய வாங்கும் கடனும் மளிகைக் கடையில் சொல்லிவைக்கும் கடனும் ஒன்றல்ல என்பது இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக, என் மகள் பள்ளியில் சாப்பிடும் காலை உணவும் அன்றாடச் செலவுக் கணக்கில்தான் வருகிறது என்பதை மறந்துவிட்டு, மளிகைக் கடன் முழுவதும் வீண் என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. எந்தச் செலவுக்கு, என்ன வட்டிக்கு, எந்த நாணயத்தில், யாருடைய சேமிப்பிலிருந்து வாங்கினீர்கள் என்று நான் கேட்க விரும்புகிறேன். வாக்குக் கேட்டு வருகிறவர்கள் தலைக்கணக்கை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்போது, இந்த நான்கில் ஒன்றுக்கும் விடை கிடைப்பதில்லை.

அன்று இரவு அம்மா தன் வரவு செலவு நோட்டை எடுத்து வரச் சொன்னார். அதன் கடைசிப் பக்கத்தில் 'வர வேண்டியது' என்று ஒரு பட்டியல் உண்டு. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த இரண்டாயிரம், மாமாவுக்குக் கொடுத்த ஐந்தாயிரம். அவற்றின் கீழே, தன் கோணல் கையெழுத்தில், "மத்திய அரசு – ஆறு லட்சம்" என்று எழுதி, பக்கத்தில் முதிர்வுத் தேதியையும் குறித்துக்கொண்டார்.