ஆக்சஸ் லாக்கில் ஈ காக்கை இல்லை

நண்பர் ஒருவரின் கடைக்கான வேர்ட்பிரஸ் தளம், 2 ஜிபி ராம் உள்ள ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது, பராமரிப்பு நான்தான். ஒரு ராத்திரி டேட்டாபேஸ் இணைப்பில் பிழை என்று வந்து நின்றது. டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லை ரீஸ்டார்ட் செய்தேன், அரை மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. கர்னல் லாக்கைப் பார்த்தால் மெமரி தீர்ந்துபோய், அப்படித் தீரும்போது ஒரு ப்ராசஸை நிறுத்தி இடம் விடுவிக்கும் ஓஓஎம் கில்லர் அதைக் கொன்றிருக்கிறது. அது பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருப்பவனைத்தான் அடிக்கும், குற்றவாளியைத் தேடாது. இது தெரிந்திருந்தும் ஒரு மணி நேரம் டேட்டாபேஸுக்கு ஒதுக்கிய மெமரியான பஃபரைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வெப் சர்வரான அப்பாச்சியின் சர்வர் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தேன். ஒரே நேரத்தில் கோரிக்கை ஏற்கும் 150 இடத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'ஆர்', அதாவது கோரிக்கையை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறதாம். கோரிக்கைகளைப் பதியும் ஆக்சஸ் லாக்கிலோ ஒன்றுமில்லை, ஏனென்றால் கோரிக்கை முடிந்தால்தான் அங்கே வரி விழும்.

2009இல் வந்த ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் வித்தைதான். கனெக்‌ஷனைத் திறந்து, சில விநாடிக்கு ஒரு ஹெட்டர் (கோரிக்கையின் தலைப்பு விவரம்) வரி அனுப்பி, ஹெட்டர் முடிந்தது என்று காட்டும் கடைசி வெற்று வரியை மட்டும் அனுப்பாமலே இழுத்தடிப்பது. பேண்ட்வித்தே வேண்டாம், ஒரு லேப்டாப் போதும். என் அப்பாச்சி ப்ரீஃபோர்க் முறையில் இருந்ததால் கனெக்‌ஷனுக்கு ஒரு ப்ராசஸ், ஒவ்வொன்றும் வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பியைச் சுமந்து 40, 50 எம்பி வரை வீங்கும். 150ஆல் பெருக்கிப் பாருங்கள், 2 ஜிபி எந்த மூலைக்கு?

இதைத் தடுக்க, கோரிக்கைக்கு நேர வரம்பு வைக்கும் ரெக்டைம்அவுட் மாட்யூல் உபுண்டுவில் தானாகவே இயங்கும். ஆனால் மெதுவான மொபைல் நெட்டில் படம் ஏறவில்லை என்று நண்பர் புலம்பியபோது அதை நிறுத்தி வைத்த புண்ணியவான் நானேதான்.

சரி, அதை மறுபடி போட்டேன்: ஹெட்டருக்கு 20 விநாடி, விநாடிக்கு 500 பைட்டாவது வந்தால் 40 வரை. படம் ஏறும் பாடிப் பகுதிக்கான நேரத்தை மட்டும் தாராளமாக விட்டேன். வொர்க்கர் (அந்த 150 இடங்கள்) எண்ணிக்கையை 20க்கு இறக்கினேன், மறுநாள் ஆளுக்கொரு ப்ராசஸ் கேட்காத ஈவென்ட் முறைக்கும், பிஎச்பியைத் தனியாக ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்முக்கும் மாறினேன். ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ஒரு ஐபிக்கு 10 கனெக்‌ஷன் என்று வைத்ததுதான் சொதப்பல். கடையில் எல்லோரும் ஒரே வைஃபை, அதனால் வெளியே ஒரே ஐபி, காலையில் முதல் போன் நண்பரிடமிருந்துதான். 50 ஆக்கினேன். மைஎஸ்க்யூஎல்லின் ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட்மென்டையும் (யாரை முதலில் கொல்வது என்பதை மாற்றும் எண்) மைனஸில் தள்ளினேன், இனி அடி வாங்குவது பிஎச்பியாக இருக்கட்டும்.

தாக்குபவர்கள் இன்னும் வருகிறார்கள். லாக்கில் இப்போது வரிசையாக 408, அதாவது நேரம் முடிந்த கோரிக்கை என்று விழுகிறது.