பாஸ்புக் வாசிப்பு

கைவிரல் ரேகை எடுப்பது எளிது. கால் பெருவிரல் ரேகை எடுப்பதுதான் பெரும்பாடு. ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்தியதும் படுத்திருப்பவருக்குக் கூச்சமெடுத்துக் காலை இழுத்துக்கொள்வார், காகிதம் முழுக்க மை அப்பிக்கொள்ளும். 31 ஆண்டு வங்கி வேலையில் இரண்டு முறை அப்படி எடுத்திருக்கிறேன். நோயிலும் முதுமையிலும் கையெழுத்துப் போட முடியாமல் கிடப்பவரிடம் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வாங்கிப் பணம் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. வங்கி அறிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

விதியில் இல்லாத ஒன்றை என் மேலதிகாரி ஒருவர் செய்வார். ரேகை எடுக்கும் முன் தண்ணீர் வேண்டும், ஆதார் நகல் வேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டாரை அறையிலிருந்து அனுப்பிவிடுவார். பிறகு கட்டிலருகே குனிந்து, "எவ்வளவு வேண்டும்? யாருக்கு?" என்று கேட்பார். பதில் வராவிட்டால் ஸ்டாம்ப் பேடை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். வாசலில் கிடைக்கும் வசவுகளுக்கு அவர் அசைந்ததே இல்லை.

இதையெல்லாம் கூட இருந்து பார்த்த நான், என் தெருவில் நடந்ததை நான்கு மாதம் வேடிக்கை பார்த்தேன்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் சந்தின் கோடிவீட்டுப் பெரியம்மாவுக்கு 82 வயது. கணவர் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான எம்.இ.ஜி.யில் இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிப் பதினைந்து ஆண்டு ஆகிறது. பிள்ளைகள் இல்லை. குடும்ப ஓய்வூதியமும் ஓர் ஓட்டு வீடும்தான் சொத்து. 2011இல் மெட்ரோ வந்த பிறகு அந்த ஓட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணின் விலை என்ன என்பது பெரியம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போன ஆண்டு தங்கை மகன் வந்து உடன் தங்கினான். அவரைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றுவதைப் பார்த்துத் தெருவே மெச்சியது, நானும்தான்.

முதலில் சந்தேகப்பட்டவர் கீரைக்காரம்மா. ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கும் பெரியம்மா, சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு "கணக்கில் எழுதிக்கொள்" என்றாராம். "பேரமே பேசவில்லை சார், அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது" என்றார். இது ஜூனில். என் மனைவி "நமக்கு எதற்கு ஊர் வம்பு" என்றாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

80 வயதைக் கடந்த ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கலாம். அதைச் சாக்காக வைத்து, அந்தப் பையன் வேலைக்குப் போன நேரத்தில் போனேன். பெரியம்மா பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்தார். கிளைக்குக் கொண்டுபோய்ப் பதிந்தேன். பிப்ரவரி வரை மாதம் ஒரு வரி: ஆறாயிரம், படிவத்தில் எடுத்தது. மார்ச்சிலிருந்து முதல் தேதியே ஏ.டி.எம்.மில் பத்தாயிரம், அதன் கீழே இன்னொரு பத்தாயிரம். பெரியம்மா ஏ.டி.எம். அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

திரும்பி வந்து, "இது நீங்கள் எடுத்ததா?" என்று கேட்டேன். வாசலை ஒருமுறை பார்த்தார்.

"ராத்திரி மூச்சு முட்டினால் அவன்தான் தம்பி எழுந்து வெந்நீர் வைக்கிறான். அவனைத் துரத்திவிட்டு நீ வந்து படுப்பாயா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கன்னடத்தில் தட்டச்சு செய்த தானப் பத்திரம், வீடு முழுவதும் அவன் பெயருக்கு. பெரியம்மா கன்னடத்தில் சண்டையே போடுவார், படிக்கத்தான் தெரியாது. "கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவேன் என்று எழுதியிருக்கிறானாம்" என்றார். எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.

அந்த ஒரு வரிக்குத்தான் வீட்டின் மதிப்பு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமக்கள் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சொத்தைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் வழக்கு அங்கேயே தடுமாறும். என்னைக் கேட்டால் உயிரோடு இருக்கும்வரை பத்திரமே கூடாது. உயில் எழுதலாம், மனம் மாறினால் மறுநாளே வேறு எழுதலாம்.

1090 எண்ணைக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்தேன். பெங்களூரு காவல் துறையும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் சேர்ந்து 2002 முதல் நடத்தும் முதியோர் உதவி எண் அது. போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே பெரியம்மா கையை ஆட்டி மறுத்துவிட்டார். அவருக்கு மறதி நோய் எதுவும் இல்லை. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறார். அவரை மீறிப் புகார் கொடுத்தால் எனக்கும் அந்தப் பையனுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஏ.டி.எம். அட்டையை முடக்கச் சம்மதித்தார். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்க வேண்டும் என்று 2017இல் ரிசர்வ் வங்கி எழுதிய சுற்றறிக்கையைக் கிளையில் காட்டினேன். ஆள் இல்லை என்றார்கள். மூன்றாம் முறை போனபோது ஆள் கிடைத்தார். இப்போது பணம் பெரியம்மா கைக்கு வருகிறது. அதிலிருந்து மாதம் நாலாயிரத்தை எண்ணி அவனிடம் கொடுக்கிறார். பத்திரம் கையெழுத்தாகாமல் அதே தலையணைக்கு அடியில் கிடக்கிறது. பையன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வெந்நீர் மட்டும் இன்னும் வைக்கிறான்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு அழைப்பு வரும். கட்டிலருகே நாற்காலி போட்டிருப்பார்கள். அவன் வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். போன வாரம் நான் பாஸ்புக்கை மெல்ல வாசிக்கத் தொடங்கியதும் பெரியம்மா தடுத்தார்.

"கொஞ்சம் சத்தமாகப் படி தம்பி. அவனுக்கும் காது இருக்கிறது."