பிழைக்கு இடம் கொடாத மொழிகள்

1965-இல் அல்கால் டபிள்யூ என்ற நிரலாக்க மொழியில் கணினி அறிவியலாளர் டோனி ஹோர் சேர்த்த வெற்றுச் சுட்டி (எந்தத் தரவையும் சுட்டாத குறிப்பு), எண்ணற்ற நிரல்களை ஓட்டத்தின் நடுவே முறித்தது. அது தம் பிழை என்று 2009-இல் அவரே ஒப்புக்கொண்டார். நிரலாக்க மொழிகளின் எதிர்காலத்தை எண்ணும்போதெல்லாம் இந்த ஒப்புதலே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 2015-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழி, நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிமையாளர் யார் என்பதை நிரல் ஓடும் முன்பே சரிபார்த்து, ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழைகளை (பாதுகாப்பற்றவை என்று குறிக்கப்பட்ட பகுதிகள் நீங்கலாக) தடுத்துவிடுகிறது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே இதைச் சரிபார்க்கும் அதன் தொகுப்பியோடு மல்லுக்கட்டிய தொடக்க வாரங்கள் கடினமாகவே இருந்தன என்றாலும், அந்தக் கண்டிப்பை இன்று பெரிதும் மதிக்கிறேன். இயந்திரங்களே நிரல் எழுதத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், எழுத எளிதான மொழியைவிடப் படித்துச் சரிபார்க்க எளிதான மொழியே நமக்குத் தேவை என்று கருதுகிறேன். ஒரு செயற்கூறு விடை தருவதோடு நில்லாமல் செய்யும் பக்க விளைவுகளையும் (கோப்பில் எழுதுவது போன்றவை) தரவு வகைகளோடு சேர்த்தே அறிவிக்கும் கோகா போன்ற ஆய்வு மொழிகளை அதனால்தான் ஆர்வத்தோடு கவனித்து வருகிறேன்.