சுவரருகே கிடைக்கும் 15 விநாடி

மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகளுக்குத் தயாராகும் பெரியவர்களுக்குப் பயிற்சி தர ஆரம்பித்த புதிதில், லேனுக்கு ஒரு நேரம் என்று எழுதிப் போட்டுவிடுவேன். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல், பத்து தடவை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்ப வேண்டும். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பதால் லேனில் குழப்பம் இருக்காது.

ஒருநாள் அந்த லேனில் கடைசியாக நீந்திக்கொண்டிருந்த 52 வயதுப் பெண்மணியின் கைவீச்சை எண்ணிக்கொண்டே கரையில் நடந்தேன். முதல் நூறில் 25 மீட்டருக்கு 20 வீச்சு. ஏழாவது நூறில் 25 வீச்சு. முழங்கை தாழ்ந்துவிட்டது, உள்ளங்கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவியது. சுவரைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார், மூச்சு அடங்குவதற்குள் மறுபடி உதைத்துக் கிளம்பினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் எழுதியதை நம்பி, களைத்த உடம்போடு தப்பான வீச்சையே பழகிக்கொண்டிருந்தார். அன்று மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

அடுத்த வாரம் எல்லோரையும் 400 மீட்டரும், நன்றாக ஓய்வெடுத்த பிறகு 200 மீட்டரும் முழு முயற்சியோடு நீந்தச் சொன்னேன். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கினால், ஒருவர் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய 100 மீட்டர் வேகம் ஏறக்குறைய கிடைத்துவிடும். (400-ஐ ஆரம்பத்திலேயே வேகமாக நீந்திக் களைத்துவிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். பெரியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நீந்துவார்கள், அதனால் முதலிலேயே எச்சரித்துவிடுவேன்.) அவருக்கு 400-க்கு 7:20, 200-க்கு 3:30. வித்தியாசம் 230 விநாடி, பாதி 1:55. அதே லேனில் முன்னால் போனவருக்கு 1:40. அதாவது நான் போட்ட இரண்டு நிமிடத்தில் முன்னவருக்கு 20 விநாடி ஓய்வு, இவருக்கு வெறும் ஐந்து. ஒரே செட் (ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப நீந்தும் தொகுப்பு) என்று நினைத்து இரண்டு வேறு பயிற்சிகளை நடத்தியிருக்கிறேன்.

பக்கத்து லேனுக்கு மாறி 2:10-க்குக் கிளம்பச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. மெதுவான லேனுக்குத் தள்ளிவிட்டேன் என்று நினைத்திருப்பார். வீச்சு எண்ணிக்கையைச் சொல்லி விளக்கினேன். இப்போது 15 விநாடி ஓய்வு. பத்தாவது நூறிலும் 21 வீச்சில் முடித்தார்.

அதிலிருந்து எந்தச் செட்டானாலும் கடைசி மூன்றைத்தான் உன்னிப்பாகப் பார்க்கிறேன். அங்கே வீச்சு கூடினால் அடுத்த தடவை ஐந்து விநாடி சேர்ப்பேன், இல்லையென்றால் நூறுகளை ஐம்பதாக உடைப்பேன்.

வேகச் செட்டில்தான் இன்னும் போராட்டம். 25 மீட்டர் முழு வேகம், எட்டு தடவை, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. தசையில் அந்த வேகத்துக்கான எரிபொருள் திரும்ப ஊற அவ்வளவு நேரமாவது வேண்டும். ஆனால் சும்மா நிற்பது யாருக்கும் பொறுக்காது. நான்காவது முடிந்ததும் யாராவது சுவரில் காலை ஊன்றிவிடுவார்கள். “இருங்க, இன்னும் நாற்பது விநாடி இருக்கு” என்று கடிகாரத்தைக் காட்டி நிறுத்துகிறேன்.