கப்பல் ஏறாத நாகப்பட்டினத்துக்காரி

"எந்தக் கப்பலில் வந்தாய்?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு மருமகளாக வந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்ட முதல் கேள்வி இது. திருச்சியிலிருந்து விமானம், நான்கு மணி நேரம் என்றேன். பாட்டியின் முகம் விழுந்துவிட்டது.

இங்குள்ள தோட்டத்துப் பெரியவர்களுக்கு நாகப்பட்டினம் என்றால் ரஜூலா. 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம்வரை போய்வந்தது. அடுத்து ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்த வழியே அடைபட்டது. நான் பிறந்ததே அதற்குப் பிறகுதான். சொன்னால் யார் கேட்கிறார்கள்? "கப்பல் தூரத்தில் நிற்குமே, படகில் போய்த்தானே ஏற வேண்டும், இப்போதும் அப்படியா?" என்று என்னையே விசாரிக்கிறார்கள். சொந்த ஊரைப் பற்றி அயலூரில் பாடம் கேட்பதைப் போன்ற அவமானம் வேறில்லை.

பாட்டி சிறுமியாக வந்தவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் பிடித்த இடத்தை, தண்ணீர் பிடித்துவரப் போன நேரத்தில் எவரோ சுருட்டிவிட்டார்களாம். அந்தச் சண்டையை நேற்று நடந்ததுபோல் சொல்கிறார். வாந்திக்கு ஊறுகாய், பொழுதுக்குச் சண்டை; ஒரு வாரம் ஓடிவிடுமாம்.

மற்றபடி எனக்கு எல்லாம் பழகிவிட்டது. பசியாறிவிட்டாயா என்றால் விழிப்பதில்லை. ரிங்கிட்டை வெள்ளி என்கிறேன். மீன்தான்... ஐஸில் கிடந்து கண் வெளுத்த கானாங்கெளுத்தியைப் பார்த்தால், அப்பா ஏலத்தில் எடுத்துவரும் வஞ்சிரமும், செவுளைத் தூக்கிக் காட்டி அவர் அடிக்கும் பெருமையும் வந்து நிற்கின்றன. சந்தையில் என்னை இடித்துக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த ஆண்டுவரை ஊர்ப்பக்கமே போவதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். போன வாரம் பாட்டி ஐம்பது வெள்ளியை மடித்துக் கையில் திணித்தார். நடுக்கடலில் கப்பல் ஆடியபோது அவருடைய அம்மா நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாராம். செலுத்தாமலே கண்ணை மூடிவிட்டார்.

"எவ்வளவு நேர்ந்தார்கள் பாட்டி?"

"ஒரு ரூபாய். மீதி வட்டி."

அன்றிரவே திருச்சிக்கு டிக்கெட் விலை பார்த்தேன். பாட்டிக்காகத்தான்.