ஆகஸ்ட் 10, 1792: பிரெஞ்சு முடியாட்சி சாய்ந்த காலை

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 1789 ஜூலை 14, பாஸ்டில் கோட்டை. ஆனால் பதினாறாம் லூயி அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அரசராகவே இருந்தார். முடியாட்சியைச் சாய்த்தது 1792 ஆகஸ்ட் 10. அந்த நாளுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் கஜானா. 1788இல் அரசின் வருவாய் சுமார் 50 கோடி லிவ்ரு (அன்றைய பிரெஞ்சு நாணயம்), செலவு சுமார் 63 கோடி. அந்தச் செலவில் பாதி பழைய கடனுக்கே போனது. ராணியின் ஆடம்பரம்தான் நாட்டைக் கெடுத்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அரண்மனைச் செலவு மொத்தத்தில் ஆறு சதவீதம் அளவுதான். அமெரிக்க விடுதலைப் போருக்குக் கடன் வாங்கிக் கொட்டிய பணம்தான் கழுத்தை நெரித்தது. புது வரி போட வழி தெரியாமல், 1614க்குப் பிறகு கூடாத எஸ்டேட்ஸ் ஜெனரலை (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் சபையை) 1789 மே 5 அன்று வெர்சாயில் கூட்டினார்கள்.

அதே வேளையில் ரொட்டி விலை ஏறியது. 1788 ஜூலையில் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்திருந்தது. பாரிஸில் எட்டு, ஒன்பது ஸூவுக்கு (ஒரு லிவ்ருவுக்கு இருபது ஸூ) விற்ற நான்கு பவுண்டு ரொட்டி 1789 பிப்ரவரியில் பதினான்கரை ஸூ ஆனது. கூலியாளின் நாள் வருமானமோ 20 முதல் 30 ஸூ.

பாஸ்டிலுக்குக் கூட்டம் போனது வெடிமருந்துக்காக. அன்று காலை இன்வாலீட் மாளிகையில் துப்பாக்கிகளை அள்ளியிருந்தார்கள், மருந்து இல்லை. உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். கோட்டை விழுந்ததற்குக் காரணம், அரசரின் சொந்தப் படையான பிரெஞ்சுக் காவற்படையின் வீரர்கள் பீரங்கியோடு மக்கள் பக்கம் வந்துவிட்டதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1792இலும் இதுவேதான் நடந்தது.

1791 ஜூனில் குடும்பத்தோடு தப்பி ஓடிய அரசர் வரேன் என்ற ஊரில் பிடிபட்டார். நம்பிக்கை அன்றே போய்விட்டது. ஆனாலும் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த அரசியல் சட்டம் அவரை அரசராகவே வைத்து, சட்டங்களை நிறுத்திவைக்கும் வீட்டோ அதிகாரத்தையும் தந்தது. மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டாதவருக்கு வாக்குரிமை இல்லை. 1792 ஏப்ரலில் ஆஸ்திரியாவோடு போர் மூண்டது, தொடக்கமே தோல்வி. தலைநகருக்கு அருகே 20,000 தொண்டர்களுக்கு முகாம் அமைக்கும் தீர்மானத்தை அரசர் வீட்டோவால் தடுத்தார். பகைவருக்குக் கதவைத் திறந்துவைக்கிறார் என்று பாரிஸ் முடிவுகட்டியது. அரச குடும்பத்துக்குத் தீங்கு நேர்ந்தால் பாரிஸையே அழிப்போம் என்ற, எதிரிப் படையின் தளபதி பிரன்ஸ்விக் கோமகனின் அறிக்கையும் அப்போது வந்து சேர, அச்சுறுத்த எழுதியது ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

இனி அந்த நாளின் இயந்திரம். பாரிஸ் நகரம் 48 பிரிவுகளாக இருந்தது. தேர்தலுக்கென வகுத்த பிரிவுகள் அவை. ஜூலை 25 முதல் அவை நாள்தோறும் கூட அனுமதி கிடைத்தது. வரி கட்டாத ஏழைகளையும் சில பிரிவுகள் சேர்த்துக்கொண்டன. ஆகஸ்ட் 3 அன்று, ஒன்று நீங்கலாக எல்லாப் பிரிவுகளின் பெயரிலும் அரசரை நீக்கக் கோரும் மனு சட்டமன்றத்துக்குப் போனது. ஒன்பதாம் தேதி நள்ளிரவு வரை கெடு வைத்தது கேன்ஸ் வேன் பிரிவு. சட்டமன்றம் முடிவெடுக்காமலே கலைந்தது. இரவில் ஆலய மணிகள் ஒலித்தன.

பிரிவுகளின் பிரதிநிதிகள் நகர மன்றத்துக்குள் போய்ப் பழைய நிர்வாகத்தை ஒதுக்கிவிட்டுப் புதிய கம்யூன் (நகர ஆட்சிக் குழு) அமைத்தார்கள். அரசர் தங்கியிருந்த துய்லரி அரண்மனையின் பாதுகாப்புக்கு, குடிமக்களைக் கொண்ட தேசியக் காவற்படையின் தளபதி மாந்தா திட்டம் போட்டிருந்தார்: செய்ன் ஆற்றின் இரு கரையிலிருந்தும் வரும் கூட்டங்கள் சேராதபடி போன் நெஃப் பாலத்தில் பீரங்கி. அந்தப் பீரங்கியை அகற்ற நகர மன்றத்திலிருந்தே ஆணை வந்தது. விளக்கம் சொல்ல அழைக்கப்பட்ட மாந்தா அங்கே கைதாகி, வழியில் கொல்லப்பட்டார். தலையில்லாத பாதுகாப்பு எப்படி நிற்கும்?

காலையில் அரசர் படையைப் பார்வையிட இறங்கியபோது தேசியக் காவற்படையினரே “தேசம் வாழ்க” என்று முழங்கினார்கள். மிஞ்சியவர்கள் அரசரின் காவலுக்கு இருந்த சுமார் 900 ஸ்விஸ் வீரர்கள்தான். ரோடெரேர் என்ற அதிகாரியின் பேச்சைக் கேட்டு அரசர் குடும்பத்தோடு பக்கத்திலிருந்த சட்டமன்றத்துக்குப் போய்விட்டார். போகும்போது, சுடாதீர்கள் என்று ஸ்விஸ் வீரர்களுக்கு அவர் ஆணை தந்திருக்க வேண்டும். தரவில்லை. சண்டை மூண்ட பிறகே எழுதியனுப்பினார். சுமார் 600 ஸ்விஸ் வீரர்கள் மாண்டார்கள். சரணடைந்த பிறகு வெட்டப்பட்டவர்களும் அதில் உண்டு. தாக்கியவர்கள் பக்கம் இறந்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் முந்நூறுக்கு மேல். பெரும்பாலும் கைவினைஞர்கள், சிறு கடைக்காரர்கள், மார்செயிலிருந்து நடந்தே வந்த தொண்டர்கள்.

அன்றே சட்டமன்றம் அரசரின் அதிகாரத்தை நிறுத்தியது. வரி நிபந்தனை இல்லாத வாக்குரிமையோடு புதிய பேரவைக்குத் தேர்தல் அறிவித்தது. பெண்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் அதில் இடமில்லை. அந்தப் பேரவை செப்டம்பர் 21 அன்று முடியாட்சியை ஒழித்தது. மறுநாள் முதல் அரசு ஆவணங்களில் ‘குடியரசின் முதலாம் ஆண்டு’ என்று தேதியிட்டார்கள்.