எரர் வராத தவறுகள்

டேட்டா வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு டேபிளைத் திறந்து காட்டி, “இதில் ஒரு வரி எதைக் குறிக்கிறது?” என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் டேபிளின் பெயரே பதிலாக வரும். ஆர்டர் டேபிள், அதனால் ஒரு வரி ஒரு ஆர்டர். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஆர்டர் எண் நான்கு வரிகளில் இருக்கும். ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரியாக இருக்கலாம். ஆர்டரின் நிலை மாறும்போதெல்லாம் ஒரு வரி சேர்ந்திருக்கலாம். டேபிளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதுவது, டேட்டாவை உருமாற்றுவது, படம் வரைவது என்று இந்த வேலையை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறோம். மூன்றிலும் ஆளைக் கவிழ்ப்பது இந்த ஒரு கேள்விதான் என்பது என் அனுபவம்.

முதலில் ஜாயின், அதாவது பொதுவான ஒரு மதிப்பை வைத்து இரண்டு டேபிள்களை இணைப்பது. 1,000 மதிப்புள்ள ஒரு ஆர்டர் இருக்கிறது. வாடிக்கையாளர் அதை இரண்டு தவணையாகக் கட்டியிருப்பதால் பேமென்ட் டேபிளில் இரண்டு வரி. ஆர்டர் எண்ணை வைத்து இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து, ஆர்டர் மதிப்பைக் கூட்டினால் 2,000 வரும். டேட்டாபேஸ் மேல் குற்றமில்லை, கேட்டதைத்தான் கொடுத்தது. ஜாயின் ஆனதுமே ஒரு வரி என்பது பேமென்ட்டாக மாறிவிட்டது. நாம்தான் இன்னும் ஆர்டரைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்படி வந்த ஒரு ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பியபோது, அதை எழுதிய பையன், “எரர் எதுவும் வரலையே, அப்புறம் எப்படித் தப்பாகும்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். புரோகிராமிங் கற்கும் காலத்தில் எரரை எதிரியாகவே பார்த்துப் பழகிவிடுகிறோம். எனக்கு இப்போதெல்லாம் எரர் வந்தால் நிம்மதி. தவறு தானாகவே முன்னால் வந்து நிற்கிறதே!

இரட்டிப்பைப் பார்த்ததும் பலருடைய கை, திரும்ப வரும் மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ பக்கம் போகும். அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆர்டர் மதிப்பை ‘சம் டிஸ்டிங்க்ட்’ போட்டுக் கூட்டினால் 2,000 என்பது 1,000 ஆகிவிடும், சரி. ஆனால் அடுத்த வாடிக்கையாளரும் 1,000க்கே ஆர்டர் கொடுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகி, அப்போதும் அதே 1,000தான் நிற்கும். அதிகமாகக் காட்டிய கணக்கு குறைவாகக் காட்டுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஜாயினுக்கு முன்பே பேமென்ட் டேபிளை ஆர்டர் எண் வாரியாகக் கூட்டி, ஆர்டருக்கு ஒரு வரி என்று சுருக்கிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. குவெரியின் தொடக்கத்தில் ‘வித்’ போட்டு அந்தப் படிக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் விளங்கும்.

வரிகள் கூடுவதைப் போலவே சத்தமில்லாமல் குறையவும் செய்யும். இடப்பக்க டேபிளின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டிருப்பதால் எல்லா வாடிக்கையாளரும் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்போம். கீழே வரிகளை வடிகட்டும் ‘வேர்’ நிபந்தனையில் ஆர்டர் தேதிக்கு ஒரு வரம்பு வைத்திருந்தால், ஆர்டரே கொடுக்காதவர்கள் அத்தனை பேரும் அங்கே உதிர்ந்துவிடுவார்கள். அவர்களுடைய ஆர்டர் தேதி ‘நல்’, அதாவது மதிப்பில்லாத காலி இடம்; அது எந்த வரம்புக்குள்ளும் தேறாது. அந்த நிபந்தனை, எதை வைத்து இணைப்பது என்று ஜாயினுக்குச் சொல்லும் ‘ஆன்’ பகுதிக்குள் போயிருக்க வேண்டும். ஒரு பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் எடுக்கும் ‘நாட் இன்’ இதைவிட மோசம். உள்ளே இருக்கும் குவெரி தரும் பட்டியலில் ஒரே ஒரு ‘நல்’ இருந்தால் போதும், முடிவு முழுக்கக் காலி. குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் இரண்டோடு ‘தெரியாது’ என்று மூன்றாவதும் உண்டு. பட்டியலில் மதிப்பு தெரியாத ஒன்று இருக்கும்போது, ‘இது அந்தப் பட்டியலில் இல்லை’ என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. தர்க்கப்படி சரிதான், தலைவலி நமக்கு. அதற்குப் பதிலாக, பொருந்தும் வரி இல்லையா என்று மட்டும் பார்க்கும் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ எழுதப் பழகி வெகுகாலம் ஆகிறது.

அதனால் ஒவ்வொரு படியிலும் வரிகளை எண்ணுகிறேன். உள்ளே எத்தனை போயின, வெளியே எத்தனை வந்தன, கூடியிருந்தால் ஏன், குறைந்திருந்தால் ஏன். சலிப்பான வேலை, யாரும் பாராட்டவும் மாட்டார்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டிருந்தது தெரியவந்தது. ஆய்வக முடிவுகள் வழியில் எக்செல்லின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் கோப்புகளாக மாற்றப்பட்டிருந்தன. அந்த வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான் உச்சவரம்பு. மிச்சம் வெட்டுப்பட்டுப் போனது. இரு பக்கமும் எண்ணி ஒப்பிடும் ஒரு சோதனை அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

டேட்டாவைக் கையாளும் பைத்தான் லைப்ரரியான பாண்டாஸில் இந்த எண்ணும் வேலையைக் கொஞ்சம் லைப்ரரியிடமே விட்டுவிடலாம். மெர்ஜ் (பாண்டாஸின் ஜாயின்) செய்யும்போது ‘வேலிடேட்’ என்ற இடத்தில் ‘மெனி டு ஒன்’ என்று கொடுத்தால், வலப்பக்கத்தில் ஒரே கீ (இணைக்கப் பயன்படும் மதிப்பு) இருமுறை வந்ததுமே அது எரர் கொடுத்து நின்றுவிடும். ‘இண்டிகேட்டர்’ போட்டால் ஒவ்வொரு வரியும் இடப்பக்கம் மட்டும் இருந்ததா, வலப்பக்கம் மட்டுமா, இரண்டிலுமா என்று ஒரு நெடுவரிசை சேர்ந்துவிடும். இவ்வளவு நல்ல வசதியை ஏன் இத்தனை பேர் தொடுவதே இல்லை என்று எனக்குப் புரிந்ததில்லை.

எஸ்க்யூஎல்லிலிருந்து பாண்டாஸுக்கு வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் மதிப்பில்லாத கீதான். எஸ்க்யூஎல்லில் சாதாரண ஜாயினில் ‘நல்’லும் ‘நல்’லும் பொருந்தாது; பாண்டாஸ் மெர்ஜில் பொருந்தும். இரு பக்கமும் நூறு நூறு வரிகளில் கீ காலியாக இருந்தால், பத்தாயிரம் வரிகள் முளைக்கும். ஒரே மதிப்புள்ள வரிகளைக் குழுவாக்கும் குரூப் பை செய்யும்போது நிலைமை தலைகீழ். எஸ்க்யூஎல் ‘நல்’களை ஒரு குழுவாக வைத்துக்கொள்ளும், பாண்டாஸ் இயல்பாகவே அவற்றை விட்டுவிடும். ‘டிராப்என்ஏ’வை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால்தான் அவை திரும்ப வரும். மொத்தம் ஒத்துப்போகவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அப்புறம் ‘00712’ போன்ற குறியீடுகள். சிஎஸ்வி கோப்பைப் (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) படிக்கும்போது பாண்டாஸ் அதை எண் என்று எடுத்துக்கொண்டு 712 ஆக்கிவிடும். அதே நெடுவரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தால் 712.0. அதற்குப் பிறகு எதோடும் பொருந்தாது. கூட்டிக் கழிக்க உதவாத எதையும் எழுத்தாகவே படிக்கச் சொல்லிவிடுவது நல்லது.

படம் வரைவதில் ஒன்றே ஒன்றைப் பிடிவாதமாகச் செய்கிறேன்: சுருக்குவதற்கு முன் புள்ளிகளை அப்படியே போட்டுப் பார்ப்பது. புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கம் 1973இல் நான்கு சிறு டேட்டா தொகுப்புகளைக் கொடுத்தார். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) ஏறக்குறைய 0.816. வரைந்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிய சிதறல், இன்னொன்று வளைவு, மற்ற இரண்டிலும் தனியாக விலகி நிற்கும் ஒரே புள்ளி கணக்கையே இழுத்துப் போகிறது. வட்டத்தைத் துண்டுகளாக்கிக் காட்டும் பை சார்ட் பற்றி நிறையச் சண்டை போட்டாகிவிட்டது. புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கிலும் 1984இலேயே, ஒரே அளவுகோலில் இடத்தை ஒப்பிடுவதைவிடக் கோணத்தை ஒப்பிடுவதில் நம் கண் அதிகம் தவறும் என்று சோதித்துக் காட்டிவிட்டார்கள். பை சார்ட் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

படத்தில் வராத வரிகள்தான் எனக்கு அதிக வேலை வைத்திருக்கின்றன. நாள்வாரியாகக் குரூப் செய்தால், ஆர்டரே வராத நாளுக்கு வரியே இருக்காது. லைன் சார்ட் முந்தைய நாளையும் அடுத்த நாளையும் நேராக இணைத்துவிடும். சுழியம் வரை விழ வேண்டிய கோடு ஒன்றுமே நடக்காததுபோல் போகும். வாரச் சராசரியும் ஏழால் வகுபடாமல் ஐந்தாலோ ஆறாலோ வகுபட்டு, கூடுதலாகத் தெரியும். தேதிகள் மட்டும் உள்ள ஒரு காலண்டர் டேபிளை இடப்பக்கம் வைத்து, ஆர்டர்களை அதனோடு லெஃப்ட் ஜாயின் செய்து, காலி இடங்களில் சுழியம் நிரப்பினால் தீர்ந்தது. சென்சார் அளவு போன்றவற்றில் மட்டும் நிரப்பக் கூடாது. அங்கே காலி என்றால் அளக்கவில்லை என்று அர்த்தம், கோட்டை உடைத்துக் காட்டுவதே முறை.

மாதவாரிப் படத்தின் கடைசிப் புள்ளி இன்னொரு தொல்லை. மாதம் பாதியில் இருக்கும்போது வரைந்தால் கோடு கடைசியில் செங்குத்தாக விழும். “என்ன ஆச்சு?” என்று மேலிடத்திலிருந்து அழைப்பு வரும். இப்போது அந்தக் கடைசித் துண்டைப் புள்ளிக்கோடாகப் போட்டு, எந்தத் தேதி வரையிலான கணக்கு என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். அப்படியும் அழைப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குப் போகும் படத்தில் முடிந்த மாதங்கள் மட்டும்.